வீடு ஏலம் போகும் முன்னே...

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பார்கள் பெரியவர்கள்.

சொந்த வீடு என்பது வெறும் செங்கல்லும் சுண்ணாம்பும் அல்ல. கணவன் இரவு பகலாக உழைத்துச் சேர்த்த பணம் அதில் இருக்கிறது. மனைவியின் வளையல் அதில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு வாங்கித் தராமல் விட்ட தீபாவளிச் சட்டைகூட அதில் இருக்கிறது.

அந்த வீட்டின் கதவில் ஒரு நாள் ஒரு நோட்டீசு ஒட்டப்படுகிறது. கடன் பாக்கிக்காக வீடு ஏலத்துக்கு வருகிறது என்று அந்த நோட்டீசு சொல்கிறது. பத்திரிகையிலும் பொடி எழுத்தில் விளம்பரம் வருகிறது. கடன் வாங்கியவரின் பெயர், பாக்கித் தொகை, வீட்டின் நான்கு எல்லைகள் எல்லாம் ஊர் அறிய அச்சாகி விடுகின்றன.

அந்தக் குடும்பத் தலைவர் குடிகாரர் அல்ல. சூதாடியும் அல்ல. வேலை போயிற்று, அல்லது நோய் வந்தது, அல்லது வியாபாரம் படுத்து விட்டது. சில தவணைகள் தவறி விட்டன. அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட குடும்பத்துக்கு சர்க்கார் கை கொடுக்க வேண்டுமா? வேண்டும் என்றால், எப்படிக் கொடுப்பது?

இந்தக் கேள்வி ஒரு காலத்தில் அமெரிக்காவையே ஆட்டி வைத்தது. அந்த நாடு கண்ட பதிலில் எல்லோருக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

நாள் ஒன்றுக்கு ஆயிரம் வீடு

1929-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அமெரிக்காவில் பங்கு மார்க்கெட் சரிந்தது. ஆலைகள் மூடப்பட்டன. பாங்கிகள் ஆயிரக்கணக்கில் முறிந்தன. 1933-ல் அங்கே உழைக்கக்கூடியவர்களில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் வீட்டுக் கடன் வேறு விதமாக இருந்தது. இப்போது போல 15 வருஷம், 20 வருஷம் தவணை கிடையாது. பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து வருஷத்துக்குத்தான் கடன் கொடுப்பார்கள். அதுவரை வட்டியை மட்டும் கட்டி வந்தால் போதும். கெடு முடிந்ததும் அசல் முழுவதையும் ஒரே மூச்சில் கட்ட வேண்டும்.

3 ஆயிரம் டாலர் கடன் என்று வைத்துக் கொள்ளுங்கள். நூற்றுக்கு 6 வட்டி என்றால் வருஷத்துக்கு 180 டாலர் வட்டி. மூன்று வருஷம் ஒழுங்காக வட்டி கட்டிய பிறகும் 3 ஆயிரம் டாலர் கடன் அப்படியே நிற்கும்!

நல்ல காலத்தில் இது பெரிய தொல்லையாகத் தெரியவில்லை. கெடு முடிந்ததும் பாங்கிக்காரர் கடனைப் புதுப்பித்துக் கொடுத்து விடுவார். கெட்ட காலம் வந்தபோதோ பாங்கியிடமே பணம் இல்லை. "அசலைக் கீழே வை" என்றார்கள். வேலை இழந்தவர் எங்கே போவார்?

விளைவு பயங்கரமாக இருந்தது. 1933-ல் அமெரிக்காவில் நாள் ஒன்றுக்குச் சராசரி ஆயிரம் வீடுகள் வரை கடனுக்காகப் பறிபோயின. 22 நகரங்களில் சர்க்கார் கணக்கு எடுத்தது. 1934 ஜனவரி 1-ந் தேதி நிலவரப்படி, சொந்தக்காரர் குடியிருந்த அடமான வீடுகளில் நூற்றுக்கு 43-க்கும் மேற்பட்டவை பாக்கியில் இருந்தன.

இத்தனை பேரும் ஒரே சமயத்தில் சோம்பேறிகள் ஆகி விட்டார்களா? இல்லை. காலம் கெட்டது. அதனால் குடும்பங்கள் கெட்டன.

கொதித்த கிராமங்கள்

நகரத்தில் வீடு போயிற்று. கிராமத்தில் வீட்டோடு நிலமும் போயிற்று.

விவசாயிகள் ஒரு யுக்தி செய்தார்கள். ஒருவருடைய பண்ணை ஏலத்துக்கு வந்தால், அக்கம்பக்கத்தார் கூட்டமாகப் போய் நிற்பார்கள். மாடு, கலப்பை என்று ஒவ்வொன்றையும் சில காசுகளுக்குக் கேட்பார்கள். வெளியூர்க்காரர் யாராவது கூடுதல் விலை கேட்க வாய் திறந்தால், சுற்றி நிற்பவர்கள் முறைக்கிற முறைப்பில் வாயை மூடிக் கொள்வார். பிறகு, ஏலத்தில் எடுத்ததைப் பழைய சொந்தக்காரரிடமே திருப்பிக் கொடுத்து விடுவார்கள். இதற்குக் "காசு ஏலம்" என்றே பெயர் வந்து விட்டது.

சில இடங்களில் ஆத்திரம் எல்லை மீறியது. 1933 ஏப்ரல் 27-ந் தேதி அயோவா மாகாணத்தில் லெ மார்ஸ் என்ற ஊரில் விவசாயிகள் கோர்ட்டுக்குள் புகுந்தார்கள். அடமான வழக்கில் இனி பறிமுதல் உத்தரவு போடக்கூடாது என்று நீதிபதி சார்லஸ் பிராட்லியிடம் சத்தியம் கேட்டார்கள். அவர் மறுத்தார். அவரை ஊருக்கு வெளியே இழுத்துப் போய்க் கழுத்தில் கயிற்றை மாட்டினார்கள். அப்போதும் அவர் சத்தியம் செய்யவில்லை. கடைசியில் உயிரோடு விட்டு விட்டார்கள். அந்த வட்டாரத்துக்கு ராணுவக் காவல் வந்தது.

நீதிபதியின் கழுத்தில் கயிறு மாட்டுவது நியாயமா? ஒருநாளும் இல்லை. அவர் சட்டத்தில் இருந்ததைத்தான் செய்தார். ஆனால், அமைதியாக வாழ்ந்த உழவர்கள் அந்த நிலைக்கு வந்தார்கள் என்றால், சட்டத்தில்தான் ஏதோ குறை இருக்கிறது என்று ஆட்சியாளர்களுக்குப் புரிந்தது.

அவகாசம் கொடுத்த சட்டம்

மின்னசோட்டா மாகாணம் 1933 ஏப்ரல் மாதம் ஒரு சட்டம் கொண்டு வந்தது. ஏலம் போன வீட்டைப் பணம் கட்டி மீட்க ஒரு கெடு உண்டு. அந்தக் கெடுவை கோர்ட்டு நீட்டிக் கொடுக்கலாம் என்றது அந்தச் சட்டம். 1935 மே 1-ந் தேதி வரை நீட்டலாம்.

ஆனால், சும்மா இருந்து விட முடியாது. அவகாசம் கேட்பவர் வீட்டுக்கு நியாயமான மாத வாடகையைக் கட்டி வர வேண்டும். அந்தப் பணம் வரிக்கும், இன்சூரன்சுக்கும், வட்டிக்கும், அசலுக்கும் போகும்.

மினியாபோலிஸ் நகரில் ஒரு தம்பதியின் வீடு 1932 மே மாதம் சுமார் 3,700 டாலருக்கு ஏலம் போயிருந்தது. அவர்களுக்கு இந்தச் சட்டப்படி அவகாசம் கிடைத்தது. மாதம் 40 டாலர் கட்ட வேண்டும் என்பது கோர்ட்டு உத்தரவு. கடன் கொடுத்த சங்கம் விடவில்லை. "எழுதிக் கொடுத்த பத்திரத்தைச் சர்க்கார் எப்படி மாற்றலாம்?" என்று வழக்கை மேலே கொண்டு போயிற்று.

1934 ஜனவரி 8-ந் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. ஐந்து நீதிபதிகள் சட்டம் செல்லும் என்றார்கள். நான்கு பேர் செல்லாது என்றார்கள். ஒரே ஓட்டு! அந்த ஒரு ஓட்டில் சட்டம் பிழைத்தது.

தலைமை நீதிபதி ஹியூஸ் எழுதிய தீர்ப்பின் சாரம் இதுதான்: கடன் ரத்து ஆகவில்லை. கடன் கொடுத்தவரின் உரிமை அழியவில்லை. நெருக்கடி தீரும் வரை, நியாயமான நிபந்தனையோடு காலம் மட்டும் நீட்டப்பட்டிருக்கிறது.

எதிர்த்த நீதிபதிகள் சொன்னதிலும் பொருள் இல்லாமல் இல்லை. இன்று ஒரு பத்திரத்தை மாற்றினால் நாளைக்கு யார் நம்பிக் கடன் கொடுப்பார்கள் என்பது அவர்கள் கவலை. ஆகவேதான், அவகாசம் மட்டும் போதாது. கடனையே சீர்செய்ய வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது.

மூன்றே மூன்று பேர்!

அதற்கு முன்னேயே, 1932-ல், ஜனாதிபதி ஹூவர் காலத்தில் ஒரு சட்டம் வந்திருந்தது. அதன்படி வீட்டுக்காரர்களும் நேராகக் கடன் கேட்கலாம் என்றார்கள். சுமார் 41 ஆயிரம் பேர் மனுப் போட்டார்கள். எத்தனை பேருக்குக் கடன் கிடைத்தது தெரியுமா? மூன்றே மூன்று பேருக்கு!

சட்டப் புத்தகத்தில் இருந்த உதவி வீடு தேடி வரவில்லை. நிபந்தனைகளைத் தாண்டக்கூடியவருக்குக் கடனே தேவை இல்லை. கடன் தேவைப்பட்டவரால் நிபந்தனைகளைத் தாண்ட முடியவில்லை.

சர்க்கார் திட்டம் போடுவது வேறு. அந்தத் திட்டம் ஏழையின் வாசலுக்கு வருவது வேறு.

சர்க்காரே கடனை வாங்கியது

1933 மார்ச் மாதம் ரூஸ்வெல்ட் ஜனாதிபதி ஆனார். அதே ஆண்டு ஜூன் 13-ந் தேதி அவர் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். வீட்டுச் சொந்தக்காரர் கடன் கார்ப்பரேஷன் என்ற சர்க்கார் நிறுவனம் அதன்படி பிறந்தது. விவசாயிகளின் நிலக் கடனுக்குத் தனிச் சட்டம் வந்தது. இந்த நிறுவனம் நகரத்து வீடுகளுக்காக.

அது எப்படி வேலை செய்தது?

பாக்கியில் சிக்கிய ஒருவர் மனுப் போடுவார். அதிகாரி வந்து வீட்டை மதிப்பிடுவார். வீட்டு மதிப்பு 20 ஆயிரம் டாலருக்கு மேல் போகக்கூடாது. மாளிகைக்காரர்களுக்கு அங்கே இடம் இல்லை. மதிப்பில் நூற்றுக்கு 80 வரை, அதிகபட்சம் 14 ஆயிரம் டாலர் வரை, நிறுவனம் பொறுப்பு ஏற்றுக் கொள்ளும்.

பிறகு நிறுவனம் பாங்கியிடம் போகும். "இவருடைய அடமானப் பத்திரத்தை எங்களிடம் கொடுங்கள். பதிலுக்கு சர்க்கார் கடன் பத்திரம் தருகிறோம்" என்று சொல்லும். முதலில் பாங்கிகள் தயங்கின. சர்க்கார் வட்டிக்கு மட்டும் உத்தரவாதம் கொடுத்ததுதான் காரணம். 1934-ல் அசலுக்கும் உத்தரவாதம் வந்தது. தயக்கம் தீர்ந்தது.

பாங்கிக்கு முழுத் தொகையும் கிடைக்காத சமயங்கள் உண்டு. ஆனாலும் வராத கடனுக்கு வரக்கூடிய பத்திரம் கிடைத்தது. வீட்டுக்காரருக்கோ பழைய கடன் தீர்ந்து புதுக் கடன் தொடங்கியது.

அந்தப் புதுக் கடனில்தான் விஷயமே இருக்கிறது. வட்டி நூற்றுக்கு 5. கெடு 15 வருஷம். ஒவ்வொரு மாதத் தவணையிலும் வட்டியோடு அசலும் கொஞ்சம் கழியும். 15 வருஷம் முடிந்தால் கடன் பூஜ்யம்.

அதே 3 ஆயிரம் டாலர் கடனைப் பாருங்கள். முன்பு மூன்று வருஷத்தில் மொத்தமாகத் திருப்ப வேண்டியது, இப்போது மாதம் 24 டாலருக்குக் கொஞ்சம் குறைவாகக் கட்டினால் 15 வருஷத்தில் அடைந்து விடும். மலையைப் பெயர்க்கச் சொன்ன இடத்தில், தினம் ஒரு கூடை மண் சுமந்தால் போதும் என்று ஆயிற்று.

பாக்கி இருந்த வீட்டு வரியையும், அவசியமான பழுது வேலையையும் அந்தக் கடனிலேயே சேர்த்துக் கொண்டார்கள்.

தர்மம் அல்ல, தவணை

மூன்று வருஷத்தில் சுமார் 19 லட்சம் மனுக்கள் வந்தன. 10 லட்சத்து 17 ஆயிரம் பேருக்குக் கடன் கிடைத்தது. மொத்தத் தொகை 310 கோடி டாலர். அப்போது அமெரிக்க நகரங்களில் அடமானத்தில் இருந்த சொந்தக் குடியிருப்பு வீடுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த நிறுவனத்தின் கைக்கு வந்தது.

"ஒழுங்காகத் தவணை கட்டியவன் ஏமாளியா? கட்டாதவனுக்குத்தானே சலுகை?" என்று கேட்பவர்கள் அப்போதும் இருந்தார்கள். இப்போதும் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

அதற்கு அந்தத் திட்டத்திலேயே பதில் இருந்தது. சர்க்கார் யாருக்கும் வீட்டை இனாமாகக் கொடுக்கவில்லை. எடுத்த பொறுப்புக்கு வட்டியும் அசலும் வசூலித்தது. மனுப் போட்டவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானவர்களுக்குத்தான் கடன் கிடைத்தது. உதவி இல்லாமலே சமாளிக்கக் கூடியவர்கள் பலர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். உதவி செய்தும் பிழைக்க வழியே இல்லாதவர்களுக்கும் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஒரு தெருவில் நாலு வீடு பூட்டிக் கிடந்தால் ஐந்தாவது வீட்டின் விலையும் விழும். மளிகைக் கடைக்கு வியாபாரம் போகும். நகரசபைக்கு வரி போகும். பாங்கியும் படுக்கும். அண்டை வீட்டுக் கூரை எரியும்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது தன் கூரையைக் காப்பதும்தான்.

1951-ல் அந்த நிறுவனம் கணக்கை முடித்தது. அதன் சொந்தக் கணக்கில் சிறிது லாபமே இருந்தது. சர்க்கார் ஏற்ற மற்றச் செலவுகளையும் சேர்த்துப் பார்த்த பொருளாதார நிபுணர்கள் சிறு நஷ்டம் என்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும், 10 லட்சம் வீடுகள் தொடர்பான காரியத்துக்கு அது பெரிய விலை அல்ல.

குறைகளும் உண்டு

எல்லா வீடும் தப்பியதா? இல்லை. நிறுவனம் கடன் கொடுத்தவர்களிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கடைசியில் வீட்டை இழந்தார். சுமார் 2 லட்சம் வீடுகள். வேலை திரும்பி வராத வீட்டில் எந்தத் தவணையும் நிற்காது.

ஆனாலும் தவறியவுடன் ஏலம் போடவில்லை. ஆட்கள் வீடு தேடிப் போய் நிலைமையை விசாரித்தார்கள். பல பேருக்குக் கூடுதல் அவகாசம் கொடுத்தார்கள். 1939-ல் வட்டியை நாலரையாகக் குறைத்தார்கள். தேவைப்பட்டவர்களுக்குக் கெடுவை 25 வருஷம் வரை நீட்டினார்கள். நாலு பேர் வீட்டைக் காப்பாற்றிக் கொண்டதற்கு இதுவும் காரணம்.

பெரிய கறை ஒன்றும் உண்டு. 1935-க்குப் பிறகு இந்த நிறுவனம் 200-க்கும் மேற்பட்ட நகரங்களுக்குப் படம் வரைந்தது. கடன் கொடுக்க ஆபத்தான பகுதி என்று சிலவற்றுக்குச் சிவப்பு வர்ணம் பூசினார்கள். கறுப்பு மக்கள் வாழ்ந்த பகுதிகள் அதில் சிக்கின. நிறுவனம் கறுப்பு மக்களுக்கும் கடன் கொடுத்தது உண்மை. ஆனால், 1934-ல் தோன்றிய வீட்டுக் கடன் இன்சூரன்சு இலாகா இப்படிப்பட்ட பகுதிகளைப் பல காலம் ஒதுக்கியே வைத்தது. 1968-ல்தான் வீட்டு விஷயத்தில் இனவேற்றுமையைத் தடுக்கும் சட்டம் வந்தது.

உதவி செய்யும் கை ஆள் பார்த்து, தெருப் பார்த்து நீண்டால் அது பாதி உதவிதான்.

மறந்த பாடம்

அமெரிக்காவில் 2008-ம் ஆண்டு நெருக்கடியில் மறுபடியும் வீடுகள் ஏலத்துக்கு வந்தன. 2009-ல் ஜனாதிபதி ஒபாமாவின் சர்க்கார் ஒரு திட்டம் போட்டது. மாதத் தவணை குடும்ப வருமானத்தில் நூற்றுக்கு 31-க்கு மேல் போகாமல் குறைப்பது என்பது திட்டம். யோசனை நல்ல யோசனை. 30 முதல் 40 லட்சம் குடும்பங்களுக்கு உதவுவது லட்சியம்.

2016-ல் திட்டம் முடிந்தபோது லட்சியத்தின் பாதி அளவுக்கே வேலை நடந்திருந்தது. ஏன்?

1933-ல் சர்க்கார் கடனைத் தானே வாங்கிக் கொண்டது. 2009-ல் அப்படிச் செய்யவில்லை. தவணை வசூலிக்கும் கம்பெனிகளிடமே காரியத்தை ஒப்படைத்தது. வீட்டுக்காரர் காகிதம் கொடுப்பார். காணவில்லை என்பார்கள். மறுபடி கொடுப்பார். மறுபடியும் கேட்பார்கள். இதற்குள் ஏலத் தேதி வந்து விடும்.

சென்னை மாகாணம் செய்தது

கடன் சுமையைக் குறைத்த அனுபவம் தமிழ்நாட்டுக்கும் புதிது அல்ல. அமெரிக்காவைப் பிடித்த அதே பொருளாதார மந்தம் இங்கே நெல் விலையையும் சரித்தது. விவசாயிகள் கடனில் மூழ்கினார்கள்.

1938-ல் ராஜாஜியின் மந்திரிசபை சென்னை மாகாணத்தில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டு வந்தது. பழைய கடன்களில் 1937 அக்டோபர் 1-ந் தேதி வரை ஏறிக் கிடந்த வட்டிப் பாக்கியை அந்தச் சட்டம் தள்ளுபடி செய்தது.

அமெரிக்காவில் செய்தது வேறு; இங்கே செய்தது வேறு. ஆனால் இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டும் சுமையைத் தள்ளி வைக்கவில்லை. சுமையைக் குறைத்தன.

ஆறு தவணைக்கு இருபத்தாறு தவணை!

தள்ளி வைப்பதற்கும் குறைப்பதற்கும் என்ன வித்தியாசம்? 2020-ல் இந்தியாவில் நடந்ததைப் பார்த்தால் தெரியும்.

கொரோனா வந்தது. ஊரடங்கு வந்தது. வருமானம் நின்றது. 2020 மார்ச் 27-ந் தேதி ரிசர்வ் பாங்கி ஓர் அறிவிப்பு செய்தது. மூன்று மாதத் தவணையைத் தள்ளிப் போடப் பாங்கிகளுக்கு அனுமதி கொடுத்தது. பிறகு அது ஆகஸ்டு 31-ந் தேதி வரை நீண்டது. மொத்தம் ஆறு மாதம்.

சோறு இல்லாத நேரத்தில் அது பெரிய ஆறுதல்தான். சந்தேகம் இல்லை. ஆனால் அந்த ஆறு மாதத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டே இருந்தது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 லட்சம் ரூபாய் கடன். வட்டி நூற்றுக்கு 8. கெடு 20 வருஷம். மாதத் தவணை 16,729 ரூபாய். தொடக்கத்திலேயே ஆறு தவணையைத் தள்ளிப் போட்டால், வட்டி மட்டும் 80 ஆயிரம் ரூபாய் ஏறுகிறது. அது அசலில் சேருகிறது. பிறகு பழைய தவணையையே கட்டி வந்தால், கடன் அடைய 240 தவணை போதாது. 266 தவணை வேண்டும்!

அதாவது, தள்ளிப் போட்டது ஆறு தவணை. கூடுதலாகக் கட்டுவது இருபத்தாறு தவணை. ஒரு லட்சம் ரூபாயைத் தள்ளிப் போட்டதற்கு, பின்னால் நாலு லட்சத்துக்கு மேல் கட்ட வேண்டி வருகிறது.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2021 மார்ச் 23-ந் தேதி தீர்ப்பு வந்தது. அந்த ஆறு மாதத்துக்கு வட்டிக்கு வட்டி வாங்கக் கூடாது என்றது கோர்ட்டு. ஆனால், வட்டியையே தள்ளுபடி செய்ய முடியாது. பாங்கிகளும் சேமிப்புக்காரர்களுக்கு வட்டி கொடுத்தாக வேண்டும் என்றது. அதுவும் சரிதான். பாங்கியில் இருப்பது இன்னொரு குடும்பத்தின் சேமிப்பு.

தவணையைத் தள்ளி வைப்பது தலைவலிக்கு மாத்திரை. தவணையைக் குறைப்பதுதான் நோய்க்கு வைத்தியம்.

அதே 20 லட்சத்துக்குக் கெடுவை 30 வருஷம் ஆக்கினால் தவணை 14,675 ஆகிறது. மாதம் இரண்டாயிரம் ரூபாய் மிச்சம். ஆனால் மொத்தமாகக் கட்டும் தொகை 12 லட்சத்துக்கு மேல் கூடி விடுகிறது. வட்டியும் நூற்றுக்கு 6 ஆகக் குறைந்தால் தவணை 11,991 ரூபாய்தான். மொத்தத் தொகையும் அதிகம் ஏறாது. கெடுவும் நீள வேண்டும். வட்டியும் குறைய வேண்டும். 1939-ல் அமெரிக்க நிறுவனம் கண்டது இந்த இரட்டை வழியைத்தான்.

சர்க்கார் செய்ய வேண்டியது

வீடு வாங்குகிறவருக்கு வட்டி மானியம் கொடுக்கும் திட்டங்கள் இந்தியாவில் வந்தன. நல்ல காரியம். வாங்கிய வீட்டைக் காப்பாற்றவும் அதே அக்கறை வேண்டாமா? தொட்டில் வாங்கிக் கொடுத்தவர், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் திரும்பிப் பார்க்க வேண்டாமா?

வேலை இழப்பு, கடும் நோய், குடும்பத் தலைவர் மரணம் போன்ற காரணங்களால் பாக்கி விழுந்தால், ஏல நோட்டீசுக்கு முன்பே, குறைந்த தவணை இவ்வளவு என்று கடன் கொடுத்தவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை ஒரு விதியாகவே வைக்க வேண்டும். பாங்கியும் வீட்டுக்காரரும் ஒத்துப் போகாவிட்டால் நடுவில் நின்று பேச ஓர் ஆள் வேண்டும். மனுப் போட்டவருக்கு முடிவு தெரியும் வரை ஏலத் தேதி நிற்க வேண்டும். வட்டிக் குறைப்பால் வரும் நஷ்டத்தைப் பாங்கியின் தலையில் மட்டும் கட்டாமல் சர்க்காரும் ஒரு பங்கை ஏற்க வேண்டும்.

வேண்டுமென்றே கட்டாதவருக்கு இந்தச் சலுகை கூடாது. அவரையும், கட்ட முடியாதவரையும் ஒரே தராசில் நிறுத்துவதுதான் அநியாயம்.

குடும்பங்கள் மறக்கக் கூடாதவை

சர்க்கார் செய்யும்போது செய்யட்டும். வீட்டுக்காரர்கள் தெரிந்து கொள்ள வேண்டியவையும் உண்டு.

இந்தியாவில் 2002-ல் வந்த சட்டப்படி, பாங்கி கோர்ட்டுக்குப் போகாமலே அடமான வீட்டைக் கைப்பற்றி விற்க முடியும். பாக்கி 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகும். ஆனால், வீட்டில் கை வைக்கும் முன் 60 நாள் நோட்டீசு கொடுத்தாக வேண்டும்.

அந்த 60 நாள் பொன்னான நாள். நோட்டீசைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தால் கடன் கரையாது, நாள்தான் கரையும். ஆட்சேபணை இருந்தால் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதற்குப் பாங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும். அதன் பிறகும் வீட்டைக் கைப்பற்ற நடவடிக்கை எடுத்தால், 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிடலாம்.

ஏலம் நடந்தே விட்டால்? கடனும் செலவும் போக மிச்சப் பணம் வீட்டுக்காரருக்குச் சேர வேண்டியது. அதைக் கேட்டு வாங்க வேண்டும். ஏலத் தொகை கடனுக்குப் போதாவிட்டாலோ, மீதியைப் பாங்கி கேட்கும். வீடும் போய்க் கடனும் நிற்கும். ஆகையால், ஏலம் வரை விடுவது எப்போதும் நஷ்டம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. முதல் தவணை தவறும்போதே பாங்கிக்குப் போய் நிலைமையைச் சொல்ல வேண்டும். வேலை போனதை மனைவியிடம் மறைத்து, தவணைக்காகக் கந்து வட்டிக்கு வாங்கி, அந்த வட்டிக்கு இன்னொரு இடத்தில் வாங்கி அழிந்த குடும்பங்கள் எத்தனையோ! கடனில் வெட்கம் இல்லை. மறைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

1933-ல் அமெரிக்காவில் 10 லட்சம் குடும்பங்களுக்குக் கிடைத்தது இனாம் அல்ல. வேறு என்ன? மூச்சு விட அவகாசம், தாங்கக்கூடிய தவணை. அந்த இரண்டும் கிடைத்தபோது, ஐந்தில் நாலு குடும்பம் கடனோடு போராடி வீட்டைக் காப்பாற்றிக் கொண்டது.

உழைக்கிறவன் கடனை மறுப்பதில்லை. கட்ட வழி கேட்கிறான். ஏலத் தேதி வருவதற்கு முன்பே அந்த வழியைக் காட்ட வேண்டும்.